வன்னி மரமும் வற்றல் பானையும்

பாலைவனம் என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் கானல் நீருமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஏர் நடக்கும் என்றோ, தறி ஓடும் என்றோ, விருந்தில் பலவகைக் கறி படைக்கப்படும் என்றோ நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ராஜஸ்தானத்தின் மேற்கில் பரந்து கிடக்கும் தார் பாலைவனம், உலகத்துப் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கம் மிகுந்தது எனப் பெயர் பெற்றது. ஜைசல்மேர்ப் பக்கத்தில் ஆண்டு மழை 200 மில்லி மீட்டருக்கும் குறைவு. ஜோத்பூர்ப் பக்கத்தில் ஏறக்குறைய 350 மில்லி மீட்டர். அதுவும் ஓராண்டு பெய்து ஓராண்டு பொய்க்கும். இத்தகைய நிலத்தில் பல நூற்றாண்டுகளாக மக்கள் உழுதும் நெய்தும் கால்நடை வளர்த்தும் வாழ்ந்து வருகிறார்கள் என்றால், அதற்கு ஒரு வழிவகை இருந்தே தீர வேண்டும். அவ்வழிவகையைப் பற்றியும், அதற்கு இன்று நேர்ந்துள்ள இடரைப் பற்றியும், கூட்டுறவாளராகிய நமக்கு அதிலுள்ள பாடத்தைப் பற்றியும் சில கூற விரும்புகிறோம்.

அண்மைக் காலத்தில் அப்பாலை நிலத்தில் ஒரு நல்ல நோக்கம் பரவி வருகிறது. பரம்பரை மரங்களை மீண்டும் வளர்ப்பது, மழை நீரைப் பழைய முறையில் தேக்குவது, பாட்டிமார் சமைத்த உணவை மீண்டும் அடுப்பேற்றுவது, வரும் விருந்தினர்க்கு அதனையே படைப்பது என்னும் கொள்கையோடு பண்ணைகள் நடைபெறுகின்றன. இம்முயற்சி பாராட்டத் தக்கதே. ஆயினும் ஒரு பண்ணையின் வெற்றியை அதன் விருந்து மேசையைக் கொண்டு அளவிடலாகாது. அதன் வேலிக்கு அப்பாலுள்ள ஏழை உழவன் தன் வயலிலுள்ள மரத்தை என்ன செய்கிறான் என்பதைக் கொண்டே அளவிட வேண்டும் என்பது நமது கருத்து. மரத்தைப் போற்றிப் பேசுவதால் மட்டும் மரம் நிலைப்பதில்லை. அதற்கு வீட்டு அடுப்பில் இடம் வேண்டும். அவ்விடம் நிலைக்க உழவனுக்கு நியாய விலை வேண்டும். நியாய விலை நிலைக்கச் சங்கம் வேண்டும்.

மரத்தின் தொண்டு

தார் பாலை உழவின் நடுநாயகமாக நிற்பது, அங்கே கேஜ்ரி எனப்படும் மரம். நமக்கு அது அந்நியமன்று. நம் கோயில்களில் நாம் வலம் வரும் வன்னி மரமே அது. அங்கே அது கோயில் மதிலுக்குள் நிற்பதில்லை. கம்பங்கொல்லையின் நடுவில் நிற்கிறது. ராஜஸ்தான் அரசாங்கம் 1983-ஆம் ஆண்டு அதனைத் தன் மாநில மரமாக அறிவித்தது.

வயல் நடுவே மரம் நின்றால் நிழல் விழுந்து பயிர் குன்றும் என்பது நம் பொது அனுபவம். வன்னி அதற்கு விலக்கு. அதன் ஆணிவேர் மணலைத் துளைத்து வெகு ஆழத்திற்கு இறங்கி, பயிர் எட்ட முடியாத ஈரத்தைத் தேடிக் கொள்கிறது. ஆகவே மேல் மண்ணின் ஈரத்திற்காகக் கம்போடும் பயற்றோடும் அது பெரிதும் போட்டியிடுவதில்லை. அதன் இலை மிகச் சிறிது. வெயில் சல்லடையில் சலித்தாற்போலக் கீழே இறங்குகிறது. அவரைக் குடும்பத்து மரமாதலின் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் வழியே மண்ணில் சேர்க்கிறது. உதிரும் இலை மக்கி உரமாகிறது. மரத்தடியில் விளையும் கம்பு வெட்ட வெளியில் விளைவதைவிடச் செழிப்பாக இருப்பதை அவ்வூர் உழவர் பரம்பரையாக அறிவர். ஜோத்பூரில் 1952-இல் பாலைவன மரவளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959 முதல் மத்திய வறள் மண்டல ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் அமைப்பின் அறிஞர்களும், மரத்தடி மண்ணில் சத்து மிகுந்திருப்பதைச் சோதித்துக் கூறியிருக்கின்றனர்.

மரம் தரும் பொருள்கள் பல. குளிர் காலத்தில் கழிக்கப்படும் தழைக்கு லூங் என்று பெயர். ஆடும் செம்மறியும் ஒட்டகமும் அதனைத் தின்று வறண்ட மாதங்களைக் கடக்கின்றன. கழித்த கிளை வேலிக்கும் விறகுக்கும் ஆகிறது. கோடையில் பிஞ்சுக் காய் கறிக்கு ஆகிறது. முற்றிப் பழுத்த காய் இனிப்பாயிருப்பதால் சிறுவர் தின்கின்றனர், மிஞ்சியது கால்நடைக்கு. 1868-69-இல் ராஜபுதனத்தைப் பீடித்த கொடும் பஞ்சத்தில், மக்கள் இம்மரத்தின் பட்டையை இடித்து மாவாக்கி அடை தட்டித் தின்று உயிர் பிழைத்தனர் என்று பதிவாகியிருக்கிறது. பஞ்சத்தில் பட்டையையும் கொடுத்த மரத்தை மக்கள் தாயாகக் கருதியதில் வியப்பில்லை.

அம்மரத்திற்காக உயிர் கொடுத்தவரும் உளர். 1730-ஆம் ஆண்டு, ஜோத்பூர் மன்னரின் புதிய மாளிகைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டுமென்று ஆட்கள் கேஜர்லி என்ற ஊருக்குச் சென்று மரங்களை வெட்டத் தொடங்கினர். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அமிர்தா தேவி என்ற மாதரசி மரத்தைத் தழுவி நின்று உயிரீந்தார். அவரைப் பின்பற்றி அன்று மாண்டவர் தொகை 363 என்பர். பின்னர் மன்னர் வருந்தி, பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டலாகாது என ஆணையிட்டார். அறத்தின் வரலாற்றில் இதற்கு நிகர் காண்பது அரிது.

அடுப்பின் நுட்பம்

மரத்தைக் காத்தது பக்தி மட்டுமன்று. அம்மரம் சமையலறைக்கு இன்றியமையாததாக இருந்ததும் ஒரு காரணம். கோடையில் பச்சைக் காய்கறி கிடைக்காத நாட்டில், காட்டில் விளைவதை உலர்த்தி வைத்தலே குடும்பத் தலைவியின் செல்வம். வன்னியின் பிஞ்சுக் காய்க்குச் சாங்க்ரி என்று பெயர். அது மெல்லியதாக இருக்கும்போதே பறித்து, வேக வைத்து, வெயிலில் காய விடுவர். காய்ந்து சுருண்டு கருங்கம்பி போலாகும். பானையில் போட்டு மூடினால் ஆண்டுக் கணக்கில் கெடாது. கேர் என்பது இலை அரிதான ஒரு முட்புதர். அதன் பட்டாணி அளவுக் காய் பச்சையாகத் தின்ன இயலாத கசப்பு. அதனை உப்பு நீரிலோ மோரிலோ சில நாள் ஊற வைத்துக் கசப்பைப் போக்கி உலர்த்துவர். இவற்றோடு கும்மட் எனும் வேல மரத்தின் விதையும், நாம் நறுவிலி என்று கூறும் மரத்தின் காயும், புளிப்புக்கு மாங்காய் வற்றலும் சேர்த்தால் அது பஞ்சகுட்டா. ஐந்து பொருள் கூடிய கறி என்பது பொருள். சில வீடுகளில் மாங்காய்க்குப் பதிலாக உலர் மிளகாயை ஐந்தாவதாகக் கொள்வதும் உண்டு. ஊற வைத்து, வேக வைத்து, எண்ணெயில் மிளகாயும் மசாலையும் கூட்டித் தாளித்தால் பல நாள் கெடாது. ஹோலி கழிந்து வரும் சீதளாஷ்டமியன்று அடுப்பு மூட்டாமல் முதல் நாள் சமைத்ததையே உண்ணும் வழக்கத்திற்கு, இதனினும் ஏற்ற கறி வேறில்லை.

கம்பங்கொல்லையில் தானே முளைத்துப் படரும் கச்ரி எனும் சிறு காயை அரிந்து உலர்த்திப் புளிப்புக்குப் பயன்படுத்துவர். நம் தென் மாவட்டங்களில் மழைக்குப் பின் கரிசலில் படரும் கொடியின் காயை மிதுக்கு வற்றலாக்கும் தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை; இரண்டும் ஓரினத்தவை. கம்பு ரொட்டியும், கம்பு மாவை மோரில் கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சும் ராப் எனும் கூழும் அன்றாட உணவு. தண்ணீர் அரிதாகவும் பால் ஓரளவு கிடைப்பதாகவும் இருந்த நாட்டில் மோரே சமையல் நீராயிற்று. இவ்வுணவில் ஆடம்பரம் இல்லை. ஒவ்வொரு பண்டத்திலும் நிலத்தின் கணக்கு இருக்கிறது.

நீருக்கும் அப்படியே ஒரு கணக்கு உண்டு. வீட்டு முற்றத்திலும் வயலோரத்திலும் நிலத்தடியே தொட்டி கட்டி, சுற்றிலும் தரையைச் சரிவாக்கி மழையைச் சேர்ப்பது டாங்கா. பாறைச் சரிவில் விழும் மழையைத் தாழ்ந்த வயலில் மண்கரையால் தேக்கி, நீர் வடிந்தபின் எஞ்சிய ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பது கடீன். 15-ஆம் நூற்றாண்டில் ஜைசல்மேர்ப் பகுதியில் பாலிவால் பிராமணர் வகுத்த முறை அது. இன்றும் பயனில் இருக்கிறது.

நேர்ந்துள்ள இடர்

இவ்வளவு சிறந்த அமைப்புக்கு இன்று என்ன குறை எனக் கேட்கலாம். மரம் செத்து வருகிறது என்பதே விடை. மேற்கு ராஜஸ்தானத்தின் பல மாவட்டங்களில் வளர்ந்த வன்னி மரங்கள் நின்றபடியே பட்டுப்போவதை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாகக் கண்டு கூறி வருகின்றனர். வேரைத் துளைக்கும் வண்டின் புழுவும், வேரை அழுகச் செய்யும் கானோடெர்மா காளானும் கண்முன் தெரியும் காரணங்கள். ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் கீழே போனதும், ஓய்வின்றி ஆண்டுதோறும் மரத்தை மொட்டையாகக் கழித்ததும் மரத்தின் வலுவைக் குறைத்த காரணங்கள். வலுவிழந்த மரத்தையே புழுவும் காளானும் எளிதில் பற்றுகின்றன.

செத்த மரத்திற்கு ஈடாகக் கன்று வளர்கிறதா என்றால் அதுவும் குறைவு. வன்னியை எவரும் வரிசை வைத்து நட்டதில்லை. தானே முளைத்த கன்றை, ஒட்டகம் பூட்டிய ஏரோட்டுகிறவன் கண்டதும் ஏரைத் தூக்கி அப்பால் வைத்து உழுதான். அப்படி விட்டுவைத்த கன்றுகளே இன்றைய மரங்கள். டிராக்டரின் கலப்பைத் தட்டுக்குக் கன்றும் களையும் ஒன்றே. டிராக்டர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உழவனின் உடல் வருத்தம் குறைவது நன்மையே. ஆனால் ஏரைத் தூக்கிய கைக்கு ஈடாக வேறொரு காவல் வேண்டும். அதனை எவரும் ஏற்படுத்தவில்லை என்பதே நமது குறை.

இதற்கிடையே வேறொரு மரம் புகுந்தது. நாம் சீமைக் கருவேலம் என்று அழைப்பதை அங்கே விலாயதி பபூல் என்பர். விறகுக்கும் மணலை நிறுத்துவதற்கும் உதவும் எனக் கருதி, 1940-இல் அன்றைய ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு அரச மரியாதை கொடுத்துப் பாதுகாத்தது. விறகு கிடைத்தது உண்மை. ஆனால் மேய்ச்சல் தரையையும் ஊர்ப் பொது நிலத்தையும் அது பிடித்துக் கொண்டது. அதனடியில் புல்லும் அரிதாயிற்று. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து அங்கத்தினர்க்கு இவ்வரலாற்றை நாம் கூற வேண்டியதில்லை.

இறுதியாக, 2020-க்குப் பிந்திய ஆண்டுகளில் சூரிய மின் நிலையங்கள் அந்நிலத்தில் பெருகியபோது, பேனல்கள் பரப்புவதற்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துப் பீகானேர்ப் பகுதியில் பிஷ்னோய் மக்களும் பிறரும் அறப்போராட்டம் நடத்தினர். சூரிய மின்சாரம் நாட்டுக்கு அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கரியைக் குறைக்க வந்த திட்டம் மரத்தை வெட்டித் தொடங்குவது முறையாகாது. மரமில்லாத நிலத்தை முதலில் எடுப்பதும், மரமிருக்கும் இடத்தை விட்டு விலகுவதும் இயலாத காரியங்கள் அல்ல.

தழையா, காயா?

நாம் மேற்கூறியவற்றுள் எல்லாம் உழவனின் கையில் இல்லை. அவன் கையில் உள்ளது ஒன்று உண்டு. அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

குளிர் காலத்தில் முழுவதும் கழிக்கப்பட்ட வன்னி மரம், அடுத்த கோடையில் காய்ப்பது அரிது. ஆகவே தழை எடுத்தால் காய் இல்லை. காய் வேண்டுமானால் தழையை விட்டுவைக்க வேண்டும். ஆட்டுக்குத் தழை இன்று வேண்டும். காய் சில மாதம் கழித்து வரும். கையில் பணமில்லாத உழவன் எதனைத் தேர்வான்? மார்கழியில் ஆடு பசியோடு கத்தும்போது, சித்திரையில் காய்க்கும் காயை நம்பி அரிவாளைக் கீழே வைப்பவன் எவன்? மரம் ஆண்டுதோறும் மொட்டையாவதற்கு அறியாமை காரணமன்று, வறுமையே காரணம். அவனுக்கு மரத்தின் பெருமையை உபதேசிப்பது வீண்.

மற்றொரு புறம் நகரத்தைப் பாருங்கள். ஏழையின் கறியாயிருந்த கேர்-சாங்க்ரி இன்று திருமண விருந்திலும் பெரிய ஓட்டல்களிலும் சிறப்புப் பண்டமாகிவிட்டது. உலர்ந்த சாங்க்ரி நகரக் கடையில் முந்திரிப் பருப்போடு போட்டியிடும் விலைக்கு விற்கிறது. முள்ளுக்கிடையே கைவிட்டுப் பறித்து, வேக வைத்து, வெயிலில் காய வைத்துப் புரட்டியவர் பெரும்பாலும் பெண்கள். ஊருக்கு வரும் வியாபாரி கூறிய விலைக்குச் சிறு சிறு மூட்டையாகப் பிரித்து விற்றுவிட்டால், விலையேற்றத்தின் பலன் அவர்கள் மடிக்கு எங்ஙனம் வந்து சேரும்? நெசவாள அன்பர்களுக்கு இக்கணக்கு நன்கு தெரியும். கடைக்கண்ணாடிக்குள் புடவைக்கு இருக்கும் விலைக்கும் தறிமேடையில் கிடைத்த கூலிக்கும் உள்ள தூரமே இது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். விலை ஏறினால் மக்கள் பேராசை கொண்டு மரத்தை அழிப்பார்களே என்பர் சிலர். வேருக்கும் கட்டைக்கும் விலை ஏறினால் அந்த அச்சம் பொருந்தும். காய்க்கு விலை ஏறினால், காய்க்கும் மரத்தை உயிரோடும் கிளையோடும் வைத்திருப்பதே இலாபம். காயின் விலை நேரே உழவனுக்குக் கிடைக்குமானால், பத்து மரத்தில் நான்கையேனும் கழிக்காமல் விடுவான். மற்றோர் அச்சத்தில்தான் உண்மை உண்டு. நல்ல விலை வந்ததும் வீட்டுப் பானையைக் காலி செய்து எல்லாவற்றையும் சந்தைக்கு அனுப்பிவிட்டு, குழந்தைகளுக்குக் கடைத் தின்பண்டம் வாங்கிக் கொடுக்கும் நிலை வந்துவிடலாகாது. முதலில் வீட்டுப் பானை, பிறகு சந்தை என்பது சங்கத்தின் எழுதாத விதியாக இருத்தல் வேண்டும். உண்பவர் இல்லாத ஊரில் பழைய உணவு வெறும் காட்சிப் பொருளாகிவிடும்.

சங்கம் செய்யத்தக்கவை

இதில் சங்கம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, பருவ முன்பணம். குளிர் காலத்தில் தீவனம் வாங்க ஒரு சிறு கடன் கிடைத்தால் அரிவாள் ஓயும். கோடையில் காயாகவே கடன் தீரும். இரண்டாவது, பொதுக் களமும் தரம் பிரித்தலும். பிஞ்சான காயும் முற்றிய காயும் கலந்த மூட்டைக்குக் கீழ் விலையே கிடைக்கும். ஒரே களத்தில் உலர்த்தித் தரம் பிரித்தால் பேரம் பேசும் வலிமை வரும். மூன்றாவது, கழிப்பு முறை. மரத்தின் மேல் முடியை விட்டு வைத்துக் கழிப்பதும், ஓராண்டு விட்டு ஓராண்டு கழிப்பதும் நல்லவை என்று அறிஞர் கூறுவதை, அங்கத்தினர் கூடித் தீர்மானமாக ஏற்றால் நடைமுறைக்கு வரும். நான்காவது, கன்றுக் காவல். பீகானேரிலுள்ள மத்திய வறள் மண்டலத் தோட்டக்கலை நிலையம் 'தார் ஷோபா' என்ற ஒட்டு வன்னியைக் கொடுத்திருக்கிறது. முள்ளின் தொல்லையின்றிக் கைக்கெட்டும் உயரத்தில் காய்ப்பது அது. ஒட்டுக் கன்றையும் நடுவோம். ஆனால் உழவு வயலில் தானே முளைத்த கன்றுக்கு ஒரு கொம்பு நட்டு அடையாளம் வைத்து டிராக்டர்காரனுக்குக் காட்டுவது அதனினும் மலிவு. இலந்தை மரத்தில் மொட்டு ஒட்டுக் கட்டி நல்ல பழம் விளைவிப்பது அங்கே முன்னரே வெற்றி பெற்ற காரியமாதலின், புதுமைக்கு அவ்வுழவர் பகைவர் அல்லர்.

இவையெல்லாம் கனவு என எண்ண வேண்டாம். வடக்கு ராஜஸ்தான் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் ஆதரவோடு 1980-களில் பீகானேர்ப் பக்கத்தில் ஊர்முல் அறநிலையம் தோன்றியது. அவ்வொன்றியத்தின் பெயரையே சுருக்கி வைத்த பெயர் அது. 1987-ஆம் ஆண்டுக் கொடிய வறட்சியில், கிராமப் பெண்களுக்குக் கம்பளி நூற்கும் வேலை கொடுத்து அது துணை நின்றது. பின்னர் பலோதியில் நெசவாளர் தாமே உறுப்பினராகித் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். அவர்கள் நெய்யும் கம்பளித் துணிக்குப் 'பட்டு' என்று பெயர். நம் பட்டன்று, ஆட்டு மயிரில் நெய்தது. அச்செம்மறி ஆடு தின்பது எது? வன்னியின் தழை. மரத்தின் வேரில் தொடங்கிய பொருள் ஆட்டின் வழியே தறிக்கு வந்து சேர்கிறது. உழவும் நெசவும் தனித்தனி என எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரே ஊரில் மரம் பட்டால் தறியும் மெலியும்.

நமக்குரிய பாடம்

பாலைவனப் பண்ணையை அப்படியே பெயர்த்து வந்து நம் ஊரில் நட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்நிலம் வேறு, நம் நிலம் வேறு. ஆனால் நம் அங்கத்தினர் நிலங்களிலும் வரப்போரத்தில் பனையும் வேம்பும் இலந்தையும் நறுவிலியும் நிற்கின்றன. அவற்றின் காய்க்கும் பழத்திற்கும் விலை இல்லை என்று வெட்டுகிறோம். பிறகு மரம் இல்லையே என்று வருந்துகிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குள் நிற்கும் மரங்களில் எது எவ்வீட்டு அடுப்புக்கு வருகிறது, எது சந்தைக்குப் போகிறது, அதன் விலையில் எவ்வளவு பறித்தவர்க்குக் கிடைக்கிறது என்று ஒரு முறை கணக்கெடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், வயது முதிர்ந்த இரண்டு தாய்மாரின் நினைவும் போதும்.

விருத்தாசலத்துக் கோயிலின் தல மரம் வன்னியே. அக்கோயில் திருப்பணியில் உழைத்தவர்க்கு மாலைதோறும் வன்னி இலையையே கூலியாகக் கொடுத்ததாகவும், அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறியதாகவும் ஒரு தல வரலாறு உண்டு. இலையைப் பொன்னாக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் உழைத்த அளவுக்கு உழைத்தவரிடம் பயன் சேர்ப்பதற்கென்றே நாம் சங்கம் வைத்திருக்கிறோம். வன்னி மரத்தின் காயிலும் அவ்வரமே வேண்டும். அது பறித்தவளின் மடியில் சேருமானால், மரத்தைக் காக்க வேறு ஆணை தேவைப்படாது.